பூவின் முதுகைப் பாருங்கள்: நியூ இங்கிலாந்து ஆஸ்டரைக் கண்டுபிடிப்பது எப்படி

சிகாகோவுக்கு மேற்கே நாங்கள் இருக்கும் புறநகரில் செப்டம்பர் பாதி தாண்டிவிட்டால் வீட்டுத் தோட்டங்கள் எல்லாம் ஓய்ந்துவிடும். தக்காளிச் செடி மஞ்சளடித்து நிற்கும், ரோஜா பேருக்கு ஒன்றிரண்டு பூக்கும். அந்த நேரம் பார்த்து, யாரும் நடாத, யாரும் தண்ணீர் ஊற்றாத சாலையோரப் பள்ளங்களிலும் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய காலி நிலத்திலும் நெஞ்சு உயரத்துக்கு ஒரு செடி ஊதாவாகப் பூத்துக் குலுங்கும். நடுவில் மஞ்சள், சுற்றிலும் மெல்லிசான இதழ்கள். அரோரா பாலாஜி கோயிலுக்குக் காரில் போகிறவர்கள் வழியில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். என்ன பூ என்று கேட்டால் "ஆஸ்டர்" என்பார்கள். தப்பில்லை, ஆனால் அது "அவர் யார்?" என்று கேட்டதற்கு "கோயம்புத்தூர்க்காரர்" என்று பதில் சொல்கிற மாதிரி. இல்லினாய் மாநிலத்தில் மட்டும் ஆஸ்டர் என்று பெயர் சொல்லப்படும் காட்டுச் செடிகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன, அவற்றில் பாதிக்கு மேல் ஊதாவோ நீலமோ வெள்ளையோ கலந்த ஏதோ ஒரு நிறத்தில், அதே ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில், அதே மாதிரி மஞ்சள் நடுவோடு பூத்துத் தொலைக்கின்றன.

அதனால் எல்லா ஆஸ்டரையும் ஒரே மூச்சில் கற்றுக்கொள்ள ஆசைப்படாதீர்கள். நான் ஆசைப்பட்டு இரண்டு வருடம் வீணடித்தேன். முதலில் ஒன்றை மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்வோம்: நியூ இங்கிலாந்து ஆஸ்டர். கூட்டத்திலேயே பெரிசு, பகட்டானது, எல்லா இடத்திலும் கிடைப்பது. இதை அடையாளம் காண ஒரே ஒரு பழக்கம் வேண்டும். பூவை நேருக்கு நேர் பார்த்து முடிவெடுக்காமல், மெல்லத் திருப்பி அதன் முதுகைப் பார்க்க வேண்டும். முகத்தை வைத்து இந்தக் குடும்பத்தில் ஒருவரையும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதுகில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், நாம் பூ என்று சொல்வது ஒரு பூவே இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். சூரியகாந்தி, சாமந்தி, நம் ஊர் வரப்புகளில் கிடக்கும் மூக்குத்திப் பூ, கண்மைக்கும் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கும் பயன்படுகிற கரிசலாங்கண்ணி, இதெல்லாம் ஒரே குடும்பம். ஆஸ்டரும் அதே குடும்பம்தான். இவற்றில் நமக்கு ஒரு பூவாகத் தெரிவது பல சின்னஞ்சிறு பூக்கள் ஒரே தட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு கொத்து. நடுவில் மஞ்சளாகத் தெரிகிற ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிப் பூ. சுற்றியிருக்கும் ஒவ்வொரு ஊதா "இதழும்" ஒரு தனிப் பூ. இந்தக் கொத்து மொத்தத்தையும் கீழிருந்து ஒரு கிண்ணம் மாதிரி தாங்கிப் பிடிக்கும் சின்னப் பச்சைச் செதில்கள் இருக்கும். பூவடிச் செதில் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்டர்களைப் பொறுத்தவரை ஜாதகமே அந்தச் செதில்களில்தான் எழுதியிருக்கிறது.

நியூ இங்கிலாந்து ஆஸ்டரின் செதில்கள் ஊசி மாதிரி மெலிந்து நீண்டிருக்கும். கிண்ணத்தோடு ஒட்டிப் படியாமல், நுனி வெளிப்பக்கம் விரிந்தும் வளைந்தும் நிற்கும், தலை வாராத பையன் மாதிரி. பல சமயம் பச்சையில் ஊதா கலந்திருக்கும். விரலால் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன பூதக்கண்ணாடி ஒன்று கையில் இருந்தால் அந்தப் பிசுபிசுப்புக்குக் காரணம் தெரியும்: செதில் முழுக்க நுண்ணிய சுணை, ஒவ்வொரு சுணையின் நுனியிலும் குண்டூசித் தலை மாதிரி ஒரு துளி. இவை சுரப்பிச் சுணைகள். பூவுக்குக் கீழே உள்ள காம்பிலும் இதே சுணைகள் இருக்கும். விரிந்த செதிலும் பிசுபிசுப்பும் சேர்ந்து இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

மீதிக் கால்வாசிக்கு இலை. இலைக்குக் காம்பு கிடையாது. அடிப்பகுதி இரண்டு காது மடல் போலப் பிரிந்து தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும், ஏறக்குறைய தண்டு இலையைத் துளைத்துக்கொண்டு போகிற மாதிரி தெரியும். இலை நீண்டு ஒடுங்கியது, விளிம்பில் பல் கிடையாது, தடவினால் சொரசொரக்கும். தண்டின் மேல்பாதியில் இலைகள் மிக நெருக்கமாக, ஒன்று மாற்றி ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். தண்டும் மொழுமொழுவென்று இருக்காது, சுணை அடர்ந்திருக்கும். இன்னொரு விஷயம், பூக்கிற நேரத்தில் பார்த்தால் கீழ் இலைகள் காய்ந்து பழுப்பாகி உதிர்ந்து, செடி கீழே மொட்டைக் காலோடும் மேலே பட்டுச் சேலையோடும் நிற்கும். நோய் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், அதன் சுபாவமே அப்படி.

அப்புறம் வாசனை. போன வருடம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது வீட்டு வேலியோரம் இந்தச் செடியைக் காட்டினேன். நான் பூதக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கையில் அம்மா, எந்தச் செடியைப் பார்த்தாலும் செய்கிற மாதிரி, ஒரு பூவை விரலில் கசக்கி மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னடா இது, பெயின்ட் அடிக்கிறவன் வந்துட்டுப் போன மாதிரி வாடை." சரியாகச் சொன்னார். கசக்கிய நியூ இங்கிலாந்து ஆஸ்டரில் டர்பன்டைன் வாடை அடிக்கும், அதற்கும் அந்தச் சுரப்பிச் சுணைகள்தான் காரணம். நான் ஒரு வருடம் படித்துத் தெரிந்துகொண்டதை அம்மா ஐந்து விநாடியில் முடித்துவிட்டார். (தலையில் வைக்க லாயக்கில்லை என்றும் ஒரு தீர்ப்பு வந்தது.)

இதழ் எண்ணிக்கையும் நல்ல தடயம்தான், பொறுமை இருந்தால். நியூ இங்கிலாந்து ஆஸ்டரில் ஒரு பூவில் பெரும்பாலும் 50 முதல் 75 வரை, சிலவற்றில் 100 வரைகூட இதழ் இருக்கும். அதனால்தான் பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கிறது. பூவின் அகலம் ஏறக்குறைய ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம். மற்ற ஆஸ்டர்களில் பலவற்றுக்கு இதழ் இருபது, முப்பதுதான். எண்ணவே வேண்டாம், இதழ்களுக்கு நடுவே இடைவெளி தெரிகிறதா இல்லையா என்று பார்த்தாலே போதும்.

நிறத்தை நான் கடைசிக்குத் தள்ளியதைக் கவனித்திருப்பீர்கள். ஆழ்ந்த ஊதா என்பதுதான் வழக்கம், ஆனால் ஒரே புல்வெளியில் பத்தடி தள்ளி இளஞ்சிவப்புச் செடி நிற்கும், எப்போதாவது வெள்ளைகூட. நடு மஞ்சளும் நிலையாக இருக்காது. வயதான பூக்களில் அது செம்பழுப்பாக மாறிவிடும். அதனால் ஒரே கிளையில் மஞ்சள் நடுவும் பழுப்பு நடுவும் கலந்து இருந்தால் இரண்டு செடி பின்னிக் கிடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொன்று, இந்தப் பூக்கள் ராத்திரியில் மூடிக்கொள்ளும். விடியற்காலையில் நடை போகிறவர்கள் பார்ப்பது பாதி தூக்கத்தில் இருக்கும் பூவை.

சரி, எதெல்லாம் ஏமாற்றும்?

என்னை அதிகம் ஏமாற்றியது வழவழப்பு நீல ஆஸ்டர். இதுவும் பிரெய்ரி என்கிற உயரப் புல்வெளிகளில் வளரும் செடிதான், இலை இதிலும் தண்டைக் கட்டிப்பிடித்திருக்கும். ஆனால் ஒரு தடவை தொட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்: தண்டிலும் இலையிலும் சுணையே இருக்காது, முட்டைக்கோஸ் இலை மாதிரி மேலே சாம்பல் பூத்த பச்சையாக, வழவழவென்று இருக்கும். பூவைத் திருப்பினால் செதில்கள் கிண்ணத்தோடு ஒட்டி அடுக்கடுக்காக, ஓடு வேய்ந்த மாதிரி படிந்திருக்கும். இதழும் இருபதைச் சுற்றித்தான். முகம் பார்த்தால் அண்ணன் தம்பி, முதுகைப் பார்த்தால் ஒட்டே இல்லை.

இரண்டாவது, வாசனை ஆஸ்டர். கொஞ்சம் தந்திரமான ஆள், ஏனென்றால் இதன் செதில்களும் விரிந்து நிற்கும், இதிலும் சுரப்பிச் சுணை உண்டு, கசக்கினால் வாசனையும் வரும். ஆனால் செடி குட்டை, பெரும்பாலும் முழங்கால் முதல் இடுப்பு வரைதான், புதர் போலக் கிளை விட்டுப் பரவும், இலைகள் சின்னதாகவும் விறைப்பாகவும் இருக்கும். இதழ்கள் முப்பதை ஒட்டி. காய்ந்த, கல்லும் மணலுமான நிலத்தை விரும்பும். நியூ இங்கிலாந்து ஆஸ்டருக்கு ஓரளவாவது ஈரம் வேண்டும். அதனால் மேட்டு நிலத்துப் பாறையிடுக்கில் முழங்கால் உயரத்தில் ஒன்றைப் பார்த்தால் அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள்.

மூன்றாவது செந்தண்டு ஆஸ்டர். பெயருக்கேற்ப தண்டு பல சமயம் செங்கருப்பாக இருக்கும், அதில் சுணை விறைப்பாக முள் மாதிரி நிற்கும், இலை தண்டைப் பிடித்திருக்கும், உயரமும் நம்மாளுக்குச் சமம். கால் சேற்றில் நிற்கிற இடங்களில் பார்க்கலாம். வித்தியாசம்: இலை விளிம்பில் அங்கங்கே பல் இருக்கும், பூ வெளிர் நீலத்துக்குப் போகும், செதில் விரிந்திருந்தாலும் பிசுபிசுப்பு இருக்காது. இதை நான் இப்போதும் தூரத்திலிருந்து சொல்ல மாட்டேன். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான்.

மற்றவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மரத்தடி நிழலில், கீழ் இலை இதய வடிவில் நீண்ட காம்போடு இருந்தால் அது இதய இலை ஆஸ்டர். சுண்டு விரல் நகம் அளவு வெள்ளைப் பூ நூற்றுக்கணக்கில் கிளையை மூடியிருந்தால் ஹீத் ஆஸ்டர் அல்லது அதன் சொந்தக்காரர். நியூயார்க் ஆஸ்டர் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய ஈர நிலத்துச் செடி, பிரெய்ரியில் அதைத் தேட வேண்டியதில்லை. சாலையோரம் நடு மஞ்சளே இல்லாமல் தட்டையாக, இதழ் நுனி ரம்பம் போல வெட்டுப்பட்டு, நீலமாக நிற்பது சிக்கரி. காப்பியில் கலக்கிறோமே அதே சிக்கரிதான், ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே சாலையெல்லாம் பரவிவிட்டது.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழைய கையேட்டில் ஒரு பெயரும் புதியதில் இன்னொரு பெயரும் பார்த்துத் திகைப்பீர்கள். 1753இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தாவரவியலாளர் இதற்கு ஆஸ்டர் நோவே ஆங்லியே என்று பெயர் வைத்தார். ஆஸ்டர் என்றால் கிரேக்கத்தில் நட்சத்திரம், மிச்சம் "நியூ இங்கிலாந்தைச் சேர்ந்தது". அமெரிக்காவின் வடகிழக்கு மூலைதான் நியூ இங்கிலாந்து, ஆனால் செடி அதோடு நிற்கவில்லை, மேற்கே பிரெய்ரிச் சமவெளிகள் வரை, வடக்கே கனடாவின் தென்பகுதி வரை அதன் சொந்த ஊர்தான். 1990களில் தாவரவியலாளர்கள் மறுபடி ஆராய்ந்தபோது வட அமெரிக்க ஆஸ்டர்கள் ஏறக்குறைய எல்லாமே ஐரோப்பிய, ஆசிய ஆஸ்டர்களுக்கு நெருங்கிய உறவில்லை என்று தெரிந்தது. கை நெஸம் என்பவர் இவற்றைத் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்தார். அதில் நம் செடிக்குக் கிடைத்த பெயர் சிம்ஃபியோட்ரைக்கம் நோவே ஆங்லியே. வாயில் நுழையாது. பேசும்போது எல்லோரும் இன்னமும் ஆஸ்டர் என்றுதான் சொல்கிறார்கள், நீங்களும் அப்படியே சொல்லலாம். நம் ஊர்ப் பூ மார்க்கெட்டில் கிலோ கணக்கில் விற்கும் ஆஸ்டர் வேறு, அது சீன ஆஸ்டர், தனிப் பேரினம், ஓராண்டுச் செடி. நியூ இங்கிலாந்து ஆஸ்டர் பல்லாண்டுச் செடி, பனியில் மேல்பகுதி செத்தாலும் வேரிலிருந்து அடுத்த வருடம் எழுந்து வரும்.

எங்கே தேடுவது? வெயில் விழும், ஓரளவு ஈரம் தங்கும் திறந்த நிலம். ஓடைக்கரை, புல்வெளி ஓரம், சாலைப் பள்ளம். இல்லினாய்க்கு "பிரெய்ரி மாநிலம்" என்று செல்லப்பெயர். இருநூறு வருடங்களுக்கு முன்னால் இங்கே சுமார் 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி இருந்தது. 1837இல் இதே மாநிலத்தில் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார், களிமண் ஒட்டாமல் அந்தக் கரிய மண்ணை உழ வழி பிறந்தது, அதன் பிறகு எல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்தான். இன்று அசல் பிரெய்ரி என்று மிஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் எங்கே மிஞ்சியது தெரியுமா, கலப்பை போக முடியாத இடங்களில்: பழைய கல்லறைத் தோட்டங்களில், ரயில் பாதை ஓரங்களில். தண்டவாளத்தை ஒட்டி ஆஸ்டர் நிற்பதைப் பார்த்தால் அது ஏதோ களை வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்காதீர்கள், தண்டவாளம்தான் பிற்பாடு வந்தது.

அரோரா பாலாஜி கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில், பட்டேவியாவில், ஃபெர்மிலேப் இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ராபர்ட் பெட்ஸ் என்ற உயிரியல் பேராசிரியரின் யோசனையில், 1970களில் துகள் முடுக்கி வளையத்துக்கு உள்ளே கிடந்த நிலத்தில் பிரெய்ரியை மறுபடி விதைக்க ஆரம்பித்தார்கள். உலகின் மிகச் சிறிய துகள்களைத் தேடும் இடத்தில் ஆளுயரப் புல். எனக்கு இந்த வட்டாரத்தில் மிகவும் பிடித்த முரண் அதுதான்.

பூக்க ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால், இந்தச் செடி கணக்கு வைத்திருப்பது ராத்திரி நீளத்தை. கோடை உச்சம் தாண்டிப் பகல் குறுகி இரவு நீளும்போதுதான் மொட்டுக்கு உத்தரவு போகும். அந்தத் தாமதம் அதற்கு லாபம், போட்டிக்கு ஆள் குறைவு. கோல்டன்ராட் என்ற மஞ்சள் பூச்செடி மட்டும் கூடவே பூக்கும். (தும்மலுக்குக் காரணம் என்று பாவம் அதன் மேல் பழி போடுவார்கள், உண்மையில் அதே சமயம் காற்றில் மகரந்தம் பறக்கவிடுவது ராக்வீட் என்ற களைச்செடி.) அடுத்த வருடத்துக்கு உயிரோடு இருக்கப் போகிற இளம் ராணி பம்பிள் தேனீக்கள் பனிக்காலத் தூக்கத்துக்கு முன் கடைசியாக வயிறு நிரப்பிக்கொள்வது இங்கேதான். கனடாவிலிருந்து மெக்சிகோ மலைக்காடுகளுக்குப் பறக்கும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் இந்த வட்டாரத்தைக் கடக்கும்போது பெட்ரோல் போடுகிற பங்க்கும் இதுவே. ஒரு செடியில் ஏழெட்டு மோனார்க் ஒரேயடியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் கார் ஹாரன் அடித்தும் அசையவில்லை.

போன் செயலி இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். நானும் செயலியில்தான் ஆரம்பித்தேன். ஒரே செடிக்கு மூன்று நாளில் மூன்று பெயர் சொன்னது. செயலி மேல் குற்றமில்லை, நான் கொடுத்தது பூவின் முகம் மட்டும். நான்கு படம் எடுங்கள்: பூவின் முகம், பூவின் முதுகு, இலை தண்டோடு சேரும் இடம், முழுச் செடி. செயலியும் நன்றாகச் சொல்லும், தெரிந்த மனிதரிடம் காட்டினாலும் உடனே பதில் வரும். பாதுகாக்கப்பட்ட நிலங்களில் பறிக்கக்கூடாது, திருப்பிப் பார்க்கத் தடையில்லை. அம்மா கசக்கியது எங்கள் வீட்டு வேலியோரச் செடி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வேலியோரச் செடிக்கு ஒரு கதை உண்டு. நர்சரியில் குட்டை ரகங்கள் கிடைக்கும், ஒன்றரை அடியில் குண்டாகப் பூக்கும், தொட்டிக்கு அது சரி. நான் காட்டு ரகத்தின் விதையைத்தான் போட்டேன், நவம்பரில், மண்ணின் மேலாகத் தூவி. இந்த விதைக்குக் குளிர் பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பதால் பனிக்காலமே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. முளைத்தது. இரண்டாம் வருடம் ஜூனில், பூவில்லாமல் வெறும் இலையும் தண்டுமாக முட்டியளவு நின்றதைக் களை என்று நினைத்துப் பாதியைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். மீதிப் பாதி தப்பியதற்குக் காரணம் முதுகுவலி, அறிவு அல்ல. பூக்காத காலத்தில் பார்க்க வேண்டியது இலையின் அடியைத்தான்: கோல்டன்ராட் இலை தண்டைக் கட்டிப்பிடிக்காது, இது பிடிக்கும். ஜூனில் நுனியைக் கிள்ளிவிட்டால் செடி ஒல்லியாக ஓங்காமல் அடர்ந்து வரும், சாயவும் சாயாது.

மே மாதத்திலேயே ஆஸ்டர் பூத்துவிட்டது என்று யாராவது படம் அனுப்பினால் அது பெரும்பாலும் ஃபிளீபேன். வெள்ளையோ வெளிர் ஊதாவோ, மஞ்சள் நடு, நூல் மாதிரி மெல்லிய இதழ்கள் நூற்றுக்கு மேல். முகம் அச்சு அசல் ஆஸ்டர்தான். திருப்பினால் செதில்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில், ஒரே வரிசையில், பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி நிற்கும்.